ஏ320 சிமுலேட்டர் மதிப்பீடு: செஸ்னா மட்டுமே ஓட்டினவங்க எப்படித் தயாராகணும்?

பாலக்கோடு பவித்ரா

எல்லாருக்கும் வணக்கம். சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்), மல்ட்டி இன்ஜின், ஐஆர் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) முடிச்சாச்சு. பெரும்பகுதி ஒற்றை இன்ஜின் செஸ்னா 172, கொஞ்சம் இரட்டை இன்ஜின் டிஏ42. ஒரு ஏர்லைனில் எழுத்துத் தேர்வும் சைக்கோமெட்ரிக்கும் தாண்டியாச்சு. அடுத்த மாதம் பெங்களூரில் சிமுலேட்டர் மதிப்பீடு. ஏ320 ஃபுல் ஃபிளைட் சிமுலேட்டர், முன்பின் தெரியாத இன்னொரு கேண்டிடேட்டோட ஜோடி, ஆளுக்குச் சுமார் 40 நிமிஷம். ஃபிளைட் டைரக்டரும் (எப்படித் திருப்பணும்னு திரையில் காட்டுற வழிகாட்டி) ஆட்டோத்ரஸ்ட்டும் (இன்ஜின் விசையைத் தானே பார்த்துக்கிறது) கிடையாது. டேக்ஆஃப், திருப்பங்கள், ஹோல்டிங் (ஒரே இடத்தில் சுத்திக் காத்திருக்கிறது), ரா டேட்டா ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலை நேரடியாப் பார்த்து ரன்வேக்கு இறங்குறது), கோ-அரவுண்ட் (இறங்காமல் திரும்ப ஏறுறது). மெயிலில் இவ்வளவுதான் இருக்கு.

ஜெட் ஓட்டினதே இல்லை. எந்த எண்களை மனப்பாடம் பண்ணணும்? வீட்டில் கம்ப்யூட்டரில் எக்ஸ்-பிளேன் (விமான சிமுலேட்டர் மென்பொருள்) இருக்கு, அதில் பழகினால் உபயோகமா, கெட்ட பழக்கம்தான் ஒட்டுமா? இன்ஜின் ஃபெயிலியர் கொடுப்பாங்களா? ஏ320 மேனுவல் எல்லாம் இறக்கி வெச்சிருக்கேன், எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்க.

தொப்பூர் இறக்கம்

வாழ்த்துகள் தங்கச்சி. முதல் வேலையா அந்த மேனுவல்களை மூடி வைங்க. ஹைட்ராலிக் சிஸ்டம் எத்தனைன்னு யாரும் கேட்கப் போறதில்லை. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான மாடலுக்கான தனித் தகுதி) பண்ணாத ஒருத்தருக்கு ஏ320 தெரியாதுன்னு மதிப்பிடுறவருக்கு நல்லாவே தெரியும். அவர் பார்க்கிறது ரெண்டே விஷயம்: கருவிகளை ஒழுங்கான வரிசையில் பார்க்கிறீங்களா, சொல்லிக் கொடுத்தால் அடுத்த தடவை திருத்திக்கிறீங்களா. முதல் திருப்பத்தில் 200 அடி போய், ஒரு வார்த்தை சொன்னதும் அடுத்த திருப்பத்தில் 50 அடிக்குள் பிடிக்கிறவருக்கு, ரெண்டு திருப்பத்திலும் 100 அடி போறவரைவிட நல்ல மதிப்பு கிடைக்கும்.

இப்போ எண்கள். எடை 60 டன், சிஎஃப்எம் இன்ஜின்னு வெச்சுச் சொல்றேன். எல்லாமே தோராயம், எடை, உயரம், மாடலைப் பொறுத்து பிட்ச் (மூக்கின் கோணம்) 1 டிகிரி, என்1 (இன்ஜின் விசிறி சுழலும் வேகம், சதவீதத்தில்) நாலஞ்சு சதவீதம் மாறும். மட்டமா, ஃபிளாப் இல்லாமல் 250 நாட்டுக்கு பிட்ச் 3, என்1 60-லிருந்து 65. கிரீன் டாட் ஸ்பீடில் (ஃபிளாப் இல்லாமல் இழுவை மிகக் குறைவா இருக்கிற வேகம்) மட்டமா பறக்க பிட்ச் 5-6, என்1 55 பக்கம். (20,000 அடிக்குக் கீழே கிரீன் டாட் = எடை டன்னில் × 2 + 85. 60 டன்னுக்கு 205.) ஐடிலில் 250-ல் இறங்கினால் மூக்கு கிட்டத்தட்ட அடிவானக் கோட்டிலேயே நிற்கும். கியர் கீழே, ஃபிளாப் ஃபுல், கிளைடு ஸ்லோப்பில் (ஐஎல்எஸ் காட்டுற இறங்கு சரிவு) பிட்ச் 3, என்1 50-55. டேக்ஆஃபும் கோ-அரவுண்டும் 15 டிகிரி. வி2500 இன்ஜின் போட்ட சிமுலேட்டர்னா முக்கியமான எண் இபிஆர் (இன்ஜின் அழுத்த விகிதம்), ப்ரீஃபிங்கிலேயே "இதில் எதை வெச்சு செட் பண்ணணும், என்ன எண்?"னு கேட்டுடுங்க. கேட்டால் மார்க் குறையாது.

இந்த எண்கள் எதுக்குன்னா, ஸ்பீடைத் துரத்தாமல் இருக்க. ஸ்பீடு 8 நாட் குறைஞ்சதும் லீவரைத் தள்ளி, அது ஏறினதும் இழுத்து, திரும்பத் தள்ளிக்கிட்டே இருப்பாங்க. 60 டன் விமானம் லீவரை நகர்த்தின உடனே பதில் சொல்லாது. தெரிஞ்ச பிட்சை வைங்க, தெரிஞ்ச என்1-ஐ வைங்க, விமானம் அங்கே வந்து உட்காரக் கொஞ்ச நேரம் கொடுங்க, அப்புறம் 2 சதவீதம் மட்டும் திருத்துங்க. ஸ்பீடு டேப்பில் இருக்கிற ட்ரெண்ட் அம்புக்குறி இன்னும் 10 விநாடியில் ஸ்பீடு எங்கே இருக்கும்னு காட்டும். அதைப் பார்த்துத் திருத்தினால் ஸ்பீடு கைவிட்டுப் போகவே போகாது.

செஸ்னாவிலிருந்து வர்றவங்க எல்லாருக்கும் வர்ற கோளாறு இன்னொண்ணு இருக்கு. 90 நாட்டில் பிட்ச் 1 டிகிரி மாறினால் செங்குத்து வேகம் நிமிஷத்துக்கு சுமார் 150 அடி மாறும். 250 நாட் உண்மை வேகத்தில் அதே 1 டிகிரிக்கு 400 அடிக்கு மேல் மாறும். கை பழைய அளவிலேயே அசையும், உயரம் மேலும் கீழுமா அலையும். அரை டிகிரிதான் இனி உங்க அளவு. உயரம் 60 அடி விலகிடுச்சா, அரை டிகிரி வெச்சுக் காத்திருங்க.

ஏர்பஸ் சைட்ஸ்டிக்கில் இது இன்னும் முக்கியம். ஸ்டிக்கை விட்டால் விமானம் இருந்த பாதையிலேயே போகும், ட்ரிம்மைத் தானே பார்த்துக்கும். அதனால சின்னதா ஒரு அசைவு, உடனே விடு, பாரு. ஸ்டிக்கை விடாமல் பிடிச்சுக் கிண்டிக்கிட்டே இருந்தால் விமானம் செய்ற திருத்தத்தோட நீங்களே சண்டை போடுறீங்க. 33 டிகிரி பேங்க் (பக்கவாட்டுச் சாய்வு) வரை மூக்கையும் அதுவே தாங்கும். 45 டிகிரி ஸ்டீப் டர்ன் கொடுத்தால் 33-ஐத் தாண்டினதும் பின்னால் இழுத்துப் பிடிக்கணும், ஸ்டிக்கைப் பக்கவாட்டிலும் பிடிச்சே இருக்கணும். விட்டால் 33-க்குத் திரும்பிடும். 30 டிகிரி தாண்டும்போதே நாலஞ்சு சதவீதம் என்1 கூட்டுங்க, வெளியே வரும்போது மறக்காமல் எடுங்க. எடுக்க மறந்துட்டு 270 நாட்டில் போய் நிற்கிறதுதான் வழக்கமா நடக்கிறது.

ஓசூர் ஃபைனல்

எண்கள் சரிதான் அண்ணா. எக்ஸ்-பிளேன் கேள்விக்கு நான் சொல்றேன்.

கட்டாயம் பழகுங்க. ஆனால் எதுக்குன்னு தெரிஞ்சு பழகுங்க. ஸ்கேன், கணக்கு, கால்அவுட், எந்த நேரத்தில் எது செய்யணுங்கிற வரிசை, இது நாலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படியே வரும். கையின் உணர்வும் ரட்டரும் ஃபிளேரும் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்குறது) வராது. லேண்டிங்கை மெருகேத்தி நேரத்தைக் கரைக்காதீங்க, ஐஎல்எஸ் 200 அடி வரை வந்ததும் கோ-அரவுண்ட் போங்க, திரும்ப ஆரம்பிங்க.

எடை 60 டன், முதலில் காற்றே இல்லாமல், ரெண்டாவது வாரத்திலிருந்து 20 நாட் குறுக்குக் காற்று. ஃபிளைட் டைரக்டர் ஆஃப். ஆட்டோத்ரஸ்ட்டை எடுக்கும்போது ஒரு விஷயம்: லீவர் கிளைம்ப் டிடென்ட்டில் (ஏறும் விசைக்கான நிலையில்) இருக்கும்போதே டிஸ்கனெக்ட் பட்டனை அழுத்தினால் இன்ஜின் கிளைம்ப் த்ரஸ்ட்டுக்குத் தாவிடும். முதலில் லீவரைப் பின்னால் கொண்டுவந்து, என்1 முள் இருக்கிற இடத்தோட அந்தச் சின்ன வட்டத்தைப் பொருத்துங்க, அப்புறம் பட்டன். அப்ரோச்சுக்கு முன்னாடி எல்எஸ் பட்டனையும் பழகிக்கங்க. அதை அழுத்தலைன்னா பிஎஃப்டி-யில் (முதன்மைப் பறப்புத் திரை) லோக்கலைசர் (ரன்வே நடுக்கோட்டு சிக்னல்), கிளைடு ஸ்லோப் அளவுகோலே வராது.

எந்தக் கையில் ஸ்டிக் பிடிக்கணும்னு இப்பவே கேட்டுக்கங்க. இடது சீட்னா இடது கை. வலது கையில் மட்டும் ஜாய்ஸ்டிக் பழகிட்டு இடது சீட்டில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிஷம் வீணாப் போகும்.

உட்கார்ந்ததும் ஐஎல்எஸ் அடிக்க வேண்டாம். மட்டமா 250-லிருந்து 210, திரும்ப 250. இதில் உயரம் 50 அடிக்குள். அது வந்ததும் அதையே 25 டிகிரி திருப்பத்தோட. அப்புறம் ஏறி மட்டமாகிறது: செங்குத்து வேகத்தில் பத்தில் ஒரு பங்கு உயரம் மிச்சம் இருக்கும்போது மூக்கை இறக்க ஆரம்பிக்கணும், 2,000 அடி வேகம்னா 200 அடி முன்னாடி. இவ்வளவும் கையில் வந்தப்புறம்தான் ஐஎல்எஸ். ஆரம்பத்திலேயே ஐஎல்எஸ்ஸில் குதிக்கிறவங்களுக்கு எது தப்பாப் போகுதுன்னே பிடிபடாது. ஸ்பீடு கெட்டதால் கிளைடு ஸ்லோப் போச்சா, இல்லை பிட்சால் போச்சான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

பெங்களூர் ரன்வேயில் பழகினால் ஒண்ணை மறக்காதீங்க. விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடியில் இருக்கு. "ஆயிரம் அடிக்கு 3 மைல்"ங்கிற கணக்கை உயரமானி காட்டுறதில் போடக் கூடாது. 9,000 அடியில் இருந்தால் இறங்க வேண்டியது 6,000. அதுக்கு 18 மைல். 250-லிருந்து 200-க்குக் குறைக்க இன்னும் 5 மைல். மொத்தம் 23. சென்னையில் இதே 9,000 அடிக்கு 27 மைல் இறக்கமே வேணும். ஐஎல்எஸ்ஸில் இறங்கும் வேகமும் அப்படித்தான். தரை வேகத்தை 5-ஆல் பெருக்கணும். 140 நாட் காட்டினாலும் 3,000 அடியில் 30 டிகிரி வெயிலில் உண்மை வேகம் 150-ஐத் தாண்டும். காற்றே இல்லைன்னாலும் 700 போதாது, 760 பக்கம் வேணும். 700 வெச்சுட்டு "ஏன் மேலயே நிற்குது"ன்னு முழிக்கிறது இதனால்தான்.

வேகம் குறைக்கிறது பத்தியும் சொல்லணும். தொப்பூர் கணவாயில் லோடு லாரி இறங்குற மாதிரிதான் ஜெட்டும். மேலே இருக்கும்போதே வேகத்தைக் கட்டுப்படுத்தலைன்னா இறக்கத்தில் பிடிக்க முடியாது. மட்டமா ஐடிலில் மைலுக்கு சுமார் 10 நாட் குறையும். ஃபிளாப், கியர் இல்லாமல் 3 டிகிரி இறக்கத்தில் போனால் கிட்டத்தட்ட குறையவே குறையாது. கிளைடு ஸ்லோப் பிடிக்கும் முன்னாடியே ஃபிளாப் 1-ம் 2-ம் வந்திருக்கட்டும். ஃபிளாப் எல்லை வேகங்கள் ஏ320-ல் 230, 200, 185, 177. அந்த எல்லையிலேயே கேட்காதீங்க, 10-15 நாட் கீழே வந்ததும் கேளுங்க.

காவேரிப்பட்டணம் அக்கா

ரெண்டு பேரும் பறக்கிறதைப் பத்தி நல்லாச் சொல்லிட்டீங்க. பவித்ரா, உங்க 40 நிமிஷம் போக, பார்ட்னர் பறக்கிற 40 நிமிஷமும் உங்களோட மதிப்பீடுதான். நிறைய பேர் தங்களோட பங்கு முடிஞ்சதும் மூச்சு விட்டுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்காங்க. அங்கேதான் மார்க் போகுது.

பார்ட்னரைப் போட்டியாளரா நினைக்காதீங்க. ரெண்டு பேரும் தேறலாம், ரெண்டு பேரும் தோற்கவும் செய்யலாம். ப்ரீஃபிங் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கிடைக்கும். அதில் பேசி முடிவு பண்ண வேண்டியது: யார் முதலில், மட்டமாக 1,000 அடி இருக்கும்போது யார் சொல்றது, ஃபிளாப் கேட்டால் ஸ்பீடைப் பார்த்துத் திரும்பச் சொல்லிட்டுத்தான் நகர்த்தணும், விலகலை எப்படிச் சொல்றது. விலகலுக்குச் சுருக்கமான வார்த்தைதான் வேணும்: "ஸ்பீடு", "பேங்க்", "லோக்கலைசர்", "சிங்க் ரேட்". பறக்கிறவர் "கரெக்டிங்"னு பதில் சொல்லணும். பதில் வரலைன்னா ரெண்டாவது தடவை எண்ணோட சொல்லுங்க. ஃபைனலில் இலக்கு வேகத்துக்கு 5 நாட் கீழே, 10 நாட் மேலே, இல்லை நிமிஷத்துக்கு 1,000 அடிக்கு மேல் இறக்கம், இதில் எது வந்தாலும் வாயைத் திறக்கணும். பார்ட்னர் மனசு கஷ்டப்படுமேன்னு விட்டால் அது நல்லெண்ணம் இல்லை.

நீங்க பறக்கும்போது பார்ட்னர்கிட்ட வேலை வாங்குங்க. ஹோல்டிங் நுழைவைக் கணக்குப் போடச் சொல்லலாம், நேரம் பிடிக்கச் சொல்லலாம், ஃப்ரீக்வென்சியைச் சரிபார்க்கச் சொல்லலாம். எல்லாத்தையும் தானே பண்றவங்க ஏதோ ஒரு இடத்தில் பறக்கிறதை விட்டுடுவாங்க. தலை நிறைஞ்சுபோச்சுன்னா "ஸ்டேண்ட்பை"ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. நடுவில் மதிப்பிடுறவர் கணக்கு கேட்பார்: "இப்போ இருக்கிற உயரத்திலிருந்து எங்கே இறங்க ஆரம்பிப்பீங்க?" விமானத்தை நிலைப்படுத்திட்டு ரெண்டு ஸ்கேன் கழிச்சுப் பதில் சொன்னால் போதும். பதிலுக்காக உயரத்தை விட்டுட்டால்தான் தப்பு.

பாலக்கோடு பவித்ரா

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. எண்களை எழுதிச் சுவரில் ஒட்டியாச்சு. ரெண்டு சந்தேகம். ஹோல்டிங்கில் நுழைவு எது, காற்றுக்கு எவ்வளவு திருத்தம்னு யோசிக்கும்போதே ஃபிக்ஸ் (ஹோல்டிங்குக்கான புள்ளி) தாண்டிடுது. இன்னொண்ணு, வி1-ல் (இதுக்கு மேல் டேக்ஆஃபைக் கைவிட முடியாதுங்கிற வேகம்) இன்ஜின் போறது வருமா?

தொப்பூர் இறக்கம்

ஹோல்டிங்: ஃபிக்ஸுக்கு 10 மைல் முன்னாடியே நுழைவு முடிவாகி, பார்ட்னர்கிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்கணும். எந்தத் திசையிலிருந்து வர்றீங்கங்கிறதைப் பொறுத்து நுழைவு மூணு பங்கு: நேரடி 180 டிகிரி, இணை 110, ஆஃப்செட் 70. வீட்டில் தாளில் ஒரு ஹெடிங், ஒரு இன்பவுண்ட் (ஃபிக்ஸை நோக்கி வர்ற பாதை) எழுதி, எந்த நுழைவுன்னு படம் போட்டுப் பழகுங்க. அஞ்சு விநாடியில் வர்ற வரைக்கும் விடாதீங்க. எல்லைக் கோட்டில் ரெண்டு பக்கமும் 5 டிகிரி விட்டுத்தருவாங்க, அதனால சந்தேகம் வந்தால் சுலபமான நுழைவையே எடுங்க.

14,000 அடி வரை அவுட்பவுண்ட் (ஃபிக்ஸை விட்டு விலகிப் போற பாதை) 1 நிமிஷம், அதுக்கு மேலே ஒன்றரை. 14,000 வரை அதிகபட்ச வேகம் 230 நாட். உங்களுக்கு கிரீன் டாட் 205 இருக்கும்போது அதிலேயே பறங்க, ஃபிக்ஸுக்கு 3 நிமிஷம் முன்னாடி குறைக்க ஆரம்பிங்க. திருப்பம் 25 டிகிரி பேங்க் போதும். ஜெட் வேகத்தில் ரேட் ஒன் திருப்பத்துக்கு (விநாடிக்கு 3 டிகிரி) அதைவிட அதிகம் வேணும், ஆனால் ரெண்டில் எது குறைவோ அதுதான் விதி. இன்பவுண்டில் காற்றுக்கு 4 டிகிரி வெச்சீங்கன்னா அவுட்பவுண்டில் எதிர்ப்பக்கம் அதைப்போல மூணு மடங்கு, 12 டிகிரி. ரெண்டு திருப்பத்திலும் காற்று தள்ளினதை அவுட்பவுண்டிலேயே ஈடு கட்டணும், அதனாலதான் மூணு.

இன்ஜின்: டைப் ரேட்டிங் இல்லாதவருக்கு அது முக்கியப் பகுதியா வர்றது அபூர்வம். வந்தால், ரட்டரால் நடுக்கோட்டைப் பிடிங்க, வழக்கத்தைவிட மெதுவா 12.5 டிகிரிக்கு மூக்கைத் தூக்குங்க, மேலே போனதும் நீல நிற பீட்டா டார்கெட்டை (பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் குறி) ரட்டரால் நடுவில் கொண்டுவாங்க, கியர் மேலே. 400 அடி வரை வேற எதையும் தொடாதீங்க. எந்த இன்ஜின்னு அவசரமா அடையாளம் சொல்லித் தப்பான லீவரை இழுக்கிறதைவிட மோசமானது எதுவும் இல்லை. இதைத் தினம் ரெண்டு தடவை நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்லிப் பழகினால் போதும்.

அதைவிட அதிக பேர் கோ-அரவுண்டில்தான் விழுறாங்க. லேசான விமானம், டோகா த்ரஸ்ட் (முழு விசை), 15 டிகிரி. நிமிஷத்துக்கு 3,000 அடிக்கு மேல் ஏறும். மிஸ்டு அப்ரோச் உயரம் (கோ-அரவுண்டில் ஏறி மட்டமாக வேண்டிய உயரம்) 2,000 அடி மேலேதான்னா அரை நிமிஷம் தாண்டினதுமே வந்து நிற்கும். டோகா, மூக்கு, "கோ-அரவுண்ட் ஃபிளாப்", பாசிட்டிவ் கிளைம்ப், கியர் மேலே. இது முடிஞ்ச உடனே கண் உயரமானிக்குப் போகணும். கடைசி 1,000 அடியில் லீவரைப் பின்னால் எடுத்து ஏறும் வேகத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவாங்க.

ஓசூர் ஃபைனல்

மதிப்பீட்டுக்கு அளவுகோல் என்னன்னு தெரிஞ்சு பழகினால் நல்லது. கருவிப் பறப்புத் தேர்வுகளில் பொதுவா இருக்கிறது: உயரம் 100 அடி, ஹெடிங் 5 டிகிரி, ஸ்பீடு 5 நாட், ஐஎல்எஸ்ஸில் அரை அளவுகோல். ஒரு இன்ஜின் போனப்புறம் ஹெடிங் 10, ஸ்பீடு +10/-5. கோ-அரவுண்ட் முடிவு உயரத்துக்குக் கீழே ஒரு அடி கூடக் கிடையாது, மேலே 50 அடி வரை சரி. வீட்டில் இதில் பாதியை உங்க எல்லையா வெச்சுக்கங்க.

மதிப்பீட்டுக்கு முந்தைய வாரம் முடிஞ்சால் ஒரு ஃபிக்ஸ்டு பேஸ் ட்ரெய்னரில் (அசையாத சிமுலேட்டர்) ரெண்டு மணி நேரம் எடுங்க. இன்னொரு கேண்டிடேட்டோட பங்கு போட்டு, ஒரு மணி பறக்கிறது, ஒரு மணி மானிட்டர் பண்றது. வீட்டுப் பயிற்சிக்கு முன்னாடி எடுத்தால் காசு தண்டம்; சுவிட்ச் எங்கேன்னு தேடியே நேரம் போயிடும்.

காவேரிப்பட்டணம் அக்கா

போற வழி. சிமுலேட்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும், ஸ்லாட் ராத்திரி 2 மணிக்கும் வரலாம். நேரம் தெரிஞ்சதும் மூணு நாள் முன்னாடியிருந்தே தூக்கத்தை அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. பாலக்கோட்டிலிருந்து ஓசூர் வழியா பெங்களூருக்கு ரயில் இருக்கு, ஆனால் சிமுலேட்டர் தேவனஹள்ளி பக்கம்னா ஊரோட வடக்குக் கோடி. கிருஷ்ணகிரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஓசூர் வரை சீக்கிரம் வந்துடலாம், எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஹெப்பாள் போய்ச் சேர்றதுக்குள் எவ்வளவு நேரம் ஆகும்னு யாராலும் சொல்ல முடியாது. அன்னிக்கே கிளம்பாதீங்க. முந்தின நாள் மதியமே போய் எலஹங்கா, தேவனஹள்ளி பக்கம் தங்கிடுங்க. லைசென்ஸ், மெடிக்கல், ஆர்டிஆர், எஃப்ஆர்டிஓஎல் (ரெண்டும் ரேடியோ பேசுற லைசென்ஸ்), லாக்புக், அடையாள அட்டை, எல்லாம் அசலும் நகலும். லாக்புக்கில் கூட்டல் சரியா இருக்கான்னு முன்னாடியே பாருங்க.

முடிஞ்சதும் "எப்படிப் போச்சு?"ன்னு கேட்பாங்க. "நல்லாப் போச்சு"ன்னும் சொல்லாதீங்க, "மோசமாப் பண்ணிட்டேன்"னும் சொல்லாதீங்க. எங்கே, எவ்வளவு, ஏன், அடுத்து என்ன பண்ணுவேன், இந்த வரிசையில் ரெண்டு மூணு விஷயம். உதாரணமா: "ரெண்டாவது திருப்பத்தில் 150 அடி இறங்கினேன். ஸ்பீடைப் பார்த்துக்கிட்டு பிட்சை விட்டுட்டேன். அடுத்ததில் பேங்க் வைக்கும்போதே பிட்சைத்தான் முதலில் பார்த்தேன்." பார்ட்னர் செஞ்ச தப்பை அங்கே எடுத்து வைக்காதீங்க. அவர் உங்களைக் காப்பாத்தின இடம் இருந்தால் அதைச் சொல்லுங்க.

பாலக்கோடு பவித்ரா

குறிச்சுக்கிட்டேன் அக்கா. ஸ்டிக் எந்தக் கைன்னு கேட்டு இன்னிக்கே மெயில் போடுறேன்.